நியுவே ஒரு நாடா? 1,681 பேர் வாழும் ஒரு தீவின் தன்னாட்சிக் கணக்கு

"உலகின் மிகச் சிறிய பத்து நாடுகள்" வகைக் காணொளிகளில் நியுவே கட்டாயம் வந்துவிடும். அடுத்த காணொளியிலேயே அது "நியூசிலாந்துக்குச் சொந்தமான தீவு" ஆகிவிடும். ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகள் பட்டியலில் தேடினால் அந்தப் பெயரே இருக்காது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தில் நியுவே ஓர் உறுப்பினர். இந்தியா 2012 முதல் அதனோடு தூதரக உறவு வைத்திருக்கிறது. அங்கே சொந்தச் சட்டமன்றம் உண்டு. அதே சமயம் அந்தத் தீவுக்காரர் வெளியூர் கிளம்பும்போது பையில் வைப்பது நியூசிலாந்து பாஸ்போர்ட்.

மேலே சொன்ன எதுவும் பொய்யில்லை. "நாடா, இல்லையா?" என்று எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் அடைக்கப் பார்ப்பதால்தான் குழப்பம். யார் சட்டம் போடுகிறார்கள், யார் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள், குடியுரிமை யாருடையது, பணம் எங்கிருந்து வருகிறது என்று தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தெளிவான பதில் இருக்கிறது. அந்த வரிசையில் போவோம். அதற்கு முன் தீவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்; பின்னால் வரும் பல சிக்கல்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

## கடலுக்கு நடுவே ஒரு பாறை மேடு

தென் பசிபிக்கில் டோங்கா, சமோவா, குக் தீவுகள் மூன்றையும் கோடிட்டு இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் தன்னந்தனியாக நிற்கிறது நியுவே. அது தீவுக்கூட்டம் இல்லை, ஒற்றைத் தீவு. நியூசிலாந்து தென்மேற்கே சுமார் 2,400 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஆக்லாந்திலிருந்து விமானத்தில் மூன்றரை மணி நேரம். இடையில் சர்வதேச தேதிக்கோடு குறுக்கிடுவதால் செவ்வாய்க்கிழமை காலை ஏறியவர் திங்கட்கிழமை போய் இறங்குவார்.

பரப்பு ஏறத்தாழ 260 சதுர கி.மீ. தலைநகர் அலோஃபி, மேற்குக் கரையில். அதையும் வடக்கு, தெற்கு என்று இரண்டு ஊராகத்தான் கணக்கில் எடுப்பார்கள். அப்படி மொத்தம் 14 ஊர்கள். இந்த 14-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டமன்றத்தைப் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

பசிபிக் தீவு என்றதும் வெண்மணல் கரையும் முழங்கால் ஆழ நீலத் தண்ணீரும்தான் மனதில் வரும். நியுவே அந்தப் படத்துக்குள் அடங்காது. மூழ்கிப்போன எரிமலையின் விளிம்பில் பவளம் வளையமாக வளர்ந்து, நடுவில் ஆழமில்லாத காயல் தங்கினால் அதைப் பவளத்தீவு என்கிறோம். லட்சத்தீவும் மாலத்தீவும் இந்த வகை. நியுவேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு முழுத் தீவும் மேலே எழும்பிவிட்டது. பசிபிக் புவித்தட்டு மேற்கே டோங்கா அகழிக்குள் இறங்குவதற்கு முன் லேசாக மேல்நோக்கி வளைகிறது. அந்த வளைவின் முதுகில் நியுவே இருக்கிறது. பழைய காயலின் தரைதான் இன்று கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் காடும் தோட்டமுமாக இருக்கும் நடுமேடு.

இதனால் வந்த விளைவுகள் பல. தீவில் ஓர் ஆறு கிடையாது, ஓடைகூடக் கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறையின் ஓட்டைகள் வழியே நேராகக் கீழே இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் நல்ல தண்ணீராக மிதக்கிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு அதைத்தான் இறைக்கிறார்கள். ஆறு இல்லாததால் கடலில் வண்டல் கலப்பதில்லை, கடல் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. முத்துக்குளிப்பவர்களுக்குப் பொறாமை வரும். ஆனால் கரை முழுக்கச் செங்குத்துப் பாறை. இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. அலோஃபி படகுத்துறையில் மீன்பிடிப் படகைக் கட்டிப்போட முடியாது. திரும்பி வந்ததும் கிரேன் வைத்துத் தூக்கி மேலே வைத்துவிடுவார்கள், மறுநாள் மறுபடி தூக்கி இறக்குவார்கள். சரக்குக் கப்பல் வந்தால் தள்ளி நிற்கும்; அரிசி முதல் கார் வரை எல்லாம் சிறு மிதவைகளில் கரை சேரும்.

மண்ணும் குறைவு. பாறை இடுக்குகளில் மண் அகப்படும் இடம் பார்த்துக் குழி தோண்டிச் சேப்பங்கிழங்கு நடுகிறார்கள். அங்கே சாப்பாடு என்றால் முதலில் அந்தக் கிழங்குதான். காட்டில் தென்னை ஏறும் பெரிய நண்டு ஒன்று உண்டு, ஊங்கா என்பார்கள். விருந்து என்றால் அது இருக்கும்.

போகிறபோக்கில் ஒரு திருத்தம். "கடல் உயர்ந்தால் மூழ்கப்போகும் பசிபிக் நாடுகள்" பட்டியலில் நியுவேயையும் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. துவாலு, கிரிபாஸ் போன்ற தாழ்ந்த தீவுகளின் பிரச்சினை அது. 60 மீட்டர் மேட்டுக்கு அந்த அச்சம் பொருந்தாது. நியுவேக்கு ஆபத்து புயல்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

## நியூசிலாந்து எப்படி உள்ளே வந்தது

1774-இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் நெருங்கியபோது தீவு மக்கள் கல்லும் ஈட்டியும் வீசி விரட்டினார்கள். மனம் புண்பட்ட குக் "காட்டுமிராண்டித் தீவு" என்று வரைபடத்தில் எழுதிவிட்டுப் போனார். அந்தப் பெயர் நூறாண்டுக்கு மேல் ஒட்டிக்கொண்டது. வெளியாட்களை அவர்கள் நம்பாததில் நியாயம் இருந்தது என்பது 1860-களில் தெரிந்தது: பெரு நாட்டிலிருந்து வந்த ஆள்பிடிக் கப்பல்கள் தீவு இளைஞர்களைக் கடத்திக்கொண்டு போயின.

இந்தப் பின்னணியில்தான் 1887-இல் ஃபதாஆய்கி என்ற மன்னர் விக்டோரியா மகாராணிக்குக் கடிதம் எழுதிப் பாதுகாப்பு கேட்டார். 1900-இல் தீவு பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. மறு ஆண்டே பிரிட்டன் அதை நியூசிலாந்திடம் கொடுத்துவிட்டது, அதுவும் குக் தீவுகளோடு சேர்த்து ஒரே பொட்டலமாக. நியுவே மக்கள் இதை ஏற்கவில்லை. குக் தீவுகளின் தொங்கலாக இருக்க மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். 1904 முதல் அவர்களுக்குத் தனி ஆணையர் அனுப்பப்பட்டார்.

ஆணையர் என்றால் நீதிபதி, நிர்வாகி, காவல்துறைத் தலைவர் எல்லாம் ஒரே ஆள். அந்த ஏற்பாடு எவ்வளவு கசந்திருந்தது என்பது 1953-இல் ரத்தத்தில் வெளிப்பட்டது. கெடுபிடிக்குப் பெயர்போன ஆணையர் ஹெக்டர் லார்சனை, சிறையிலிருந்து தப்பிய மூன்று இளைஞர்கள் வீடு புகுந்து வெட்டிக் கொன்றார்கள். அவர்களுக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனைக்கு நியூசிலாந்துக்குள்ளேயே பெரும் எதிர்ப்பு எழுந்தது. தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. தூரத்துத் தீவில் தங்கள் பெயரில் என்ன நடக்கிறது என்று பல நியூசிலாந்துக்காரர்கள் அப்போதுதான் கேட்கத் தொடங்கினார்கள்.

## தனிக்குடித்தனம்

1960-இல் ஐ.நா. பொதுச்சபை, ஒரு காலனி காலனியாக இருப்பதை நிறுத்த மூன்று வழிகளை வகுத்தது. ஒன்று, முழு விடுதலை. இரண்டு, ஆளும் நாட்டோடு சம உரிமையோடு கலந்துவிடுவது. மூன்றாவதை ஆங்கிலத்தில் ஃப்ரீ அசோசியேஷன் என்பார்கள். இந்தக் கட்டுரைக்கு "விருப்ப இணைவு" என்று வைத்துக்கொள்வோம். தன் ஆட்சியைத் தானே நடத்திக்கொண்டு, தன் விருப்பத்தின் பேரில் ஒரு பெரிய நாட்டோடு சில விஷயங்களில் சேர்ந்திருப்பது, எப்போது வேண்டுமானாலும் அதை முறித்துக்கொள்ளும் உரிமையோடு. கடைசிப் பகுதி இல்லையென்றால் அது விருப்ப இணைவே இல்லை.

நமக்குப் புரியும்படி சொன்னால் இது தனிக்குடித்தனம். மகன் அதே தெருவில் தனி வீடு பார்த்துப் போய்விட்டான். அடுப்பு தனி, வரவு செலவு தனி. என்ன சமைப்பது என்று அப்பா வந்து சொல்ல முடியாது. மகன் கூப்பிட்டுக் கேட்டால்தான் யோசனை சொல்லலாம். ஆனால் ரேஷன் கார்டு பிரிக்கவில்லை, பெயர் பழைய கார்டிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு, போலீஸ் விவகாரம் என்று பெரிதாக ஒன்று வந்தால் அப்பா முன்னால் நிற்பார். கார்டையும் பிரித்துக்கொண்டு போக வேண்டுமென்றால் மகன் போகலாம், அப்பா தடுக்க முடியாது. பிரித்தபின் பழைய கார்டில் சாமான் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

நியுவேயின் ஏற்பாட்டில் அந்த ரேஷன் கார்டுதான் நியூசிலாந்துக் குடியுரிமை. தனி அடுப்புதான் சட்டமியற்றும் அதிகாரம்.

குக் தீவுகள் இந்த வழியை 1965-இலேயே எடுத்துக்கொண்டன. நியுவேயிடமும் அப்போது கேட்டார்கள். அவசரமில்லை, மெதுவாகப் போவோம் என்று தீவின் தலைவர்கள் தள்ளிவைத்தார்கள். காலனி மக்கள் விடுதலையைத் தள்ளிப்போட்டார்கள் என்றால் நமக்கு விசித்திரமாகத் தோன்றும். சில ஆயிரம் பேருக்குப் பள்ளியும் மருத்துவமனையும் மின்சாரமும் யார் நடத்துவது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் கொடி ஏற்றுவதில் அவர்களுக்கு ஆர்வம் இல்லை. 1974 செப்டம்பரில், ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். 1974 அக்டோபர் 19 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. காலனிகள் பட்டியலிலிருந்து ஐ.நா. நியுவேயை நீக்கியது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: நியுவே நியூசிலாந்தின் மாநிலமோ மாவட்டமோ இல்லை, இன்று அதன் காலனியும் இல்லை. முழு விடுதலை பெற்ற நாடும் இல்லை. ஐ.நா. வகுத்த மூன்றாவது வழியில் நிற்கிறது.

## சட்டம் போடுவது யார்

நியுவே பேரவையில் 20 உறுப்பினர்கள். 14 ஊர்களுக்கு ஊருக்கு ஒருவர். மீதி 6 பேரை முழுத் தீவும் ஒரே தொகுதியாக நின்று தேர்ந்தெடுக்கிறது. பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். சபாநாயகரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அவர் அந்த 20 பேரில் ஒருவராக இருக்கக் கூடாது. இருந்தால் உறுப்பினர் பதவியை விட்டுவிட வேண்டும்.

மக்கள்தொகையை இருபதால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 84 பேருக்கு ஓர் உறுப்பினர். வடக்கே தோய் போன்ற ஊரில் சில டஜன் பேர்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஓர் உறுப்பினர் உண்டு. வாக்கு கேட்டு வருபவர் பெரும்பாலும் மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். கட்சி அரசியல் அங்கே வேர்விடாததில் ஆச்சரியமில்லை. ஒரு கட்சி இருந்தது, அதுவும் 2003-இல் கலைந்துவிட்டது. எல்லோரும் சுயேச்சைகள்தான்.

அரசை நடத்தும் தலைவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். 1974-இல் அந்தப் பதவிக்கு வைத்த பெயர் பிரீமியர். அவரோடு மூன்று அமைச்சர்கள் என்பது அன்றைய அமைப்பு. முதல் பிரீமியர் ராபர்ட் ரெக்ஸ், 1974-இல் உட்கார்ந்தவர் 1992-இல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

நாட்டின் சடங்குத் தலைவர் மன்னர் மூன்றாம் சார்லஸ். நியூசிலாந்தின் மன்னர் என்ற முறையில் அவர் நியுவேக்கும் மன்னர். நியூசிலாந்தின் ஆளுநர் நாயகம் அவருடைய பிரதிநிதி. இங்கே பலரும் ஒரு தவறான முடிவுக்குப் போகிறார்கள்: "ஆளுநர் நியூசிலாந்துக்காரர், அப்படியானால் கடிவாளம் அவர் கையில்தானே?" இல்லை. பேரவை நிறைவேற்றிய மசோதா, சபாநாயகர் கையெழுத்திட்டதும் சட்டமாகிவிடும். ஒப்புதலுக்கு வெளியே எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. மசோதாவைக் கிடப்பில் போட அங்கே ஒரு மாளிகை இல்லை என்பதைச் சிலர் பொறாமையோடு படிப்பார்கள்.

நியூசிலாந்து நாடாளுமன்றம் போடும் சட்டம் நியுவேயில் தானாகச் செல்லாது. பேரவை கேட்டு, ஒப்புக்கொண்டால்தான் செல்லும். தன்னாட்சி என்ற சொல்லைப் பலரும் "கொஞ்சம் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள்" என்ற பொருளில் தளர்வாகப் பயன்படுத்துகிறார்கள். மேலிருந்து கொடுத்ததை மேலிருந்து எடுக்க முடியும். அதற்குப் பெயர் அதிகாரப் பகிர்வு. நியுவேயில் அப்படி எடுக்க வழியில்லை.

## வெளியுறவும் ராணுவமும்

அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு வரி உண்டு: நியுவேயின் வெளியுறவும் பாதுகாப்பும் நியூசிலாந்தின் பொறுப்பு. இந்த ஒரு வரியை வைத்துத்தான் "வெளியுறவு முழுக்க நியூசிலாந்து கையில்" என்று எழுதிவிடுகிறார்கள். நடைமுறை வேறு. பொறுப்பு என்பது கேட்டால் செய்துகொடுக்க வேண்டிய கடமை. கேட்காமல் முடிவெடுக்கும் உரிமையாக அது புரிந்துகொள்ளப்படுவதில்லை. 1988-இல், இனி தான் சேரும் ஒப்பந்தங்கள் நியுவேயைக் கட்டுப்படுத்தாது என்று நியூசிலாந்தே ஐ.நா.வுக்குத் தெரிவித்துவிட்டது. ஒப்பந்தங்களில் தானே கையெழுத்திடும் தகுதி நியுவேக்கு உண்டு என்பதை ஐ.நா. செயலகம் 1994-இல் ஏற்றுக்கொண்டது.

1988-க்குப் பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. யுனெஸ்கோவில் 1993, உலக சுகாதார நிறுவனத்தில் 1994. சீனா 2007-இலும் இந்தியா 2012-இலும் ஜப்பான் 2015-இலும் உறவு ஏற்படுத்தின. அமெரிக்கா 2023 செப்டம்பரில் நியுவேயையும் குக் தீவுகளையும் ஒரே நாளில் இறைமையுள்ள நாடுகளாக ஏற்றது. இறைமை என்பது தனக்கு மேலே இன்னோர் அதிகாரம் இல்லாமல் முடிவெடுக்கும் நிலை. ஆனால் ஐ.நா. உறுப்பினராக நியுவே விண்ணப்பித்ததில்லை.

டாட் என்யு என்று இணைய முகவரி இருப்பதால் நாடு என்று வாதிடுவோரும் உண்டு. அந்த ஈரெழுத்துக் குறிகள் தபாலுக்கும் வணிகத்துக்கும் வசதியாகத் தயாரித்த ஒரு பட்டியலிலிருந்து வருபவை. ஆளே வாழாத தீவுக்கும் அதில் குறி இருக்கிறது. நாணயம் வைத்து வாதிடுவதும் அதே கதைதான். புழக்கத்தில் இருப்பது நியூசிலாந்து டாலர். நியுவே பெயரில் வரும் நாணயங்கள் பெரும்பாலும் சேகரிப்பவர்களுக்கானவை. அப்படி வந்த ஒன்றில் ஒரு பக்கம் எலிசபெத் மகாராணி, மறுபக்கம் ஸ்டார் வார்ஸ் படங்களின் வில்லன் டார்த் வேடர். அந்த இருவரையும் ஒரே வெள்ளிக் காசில் சந்திக்க வைத்த பெருமை இந்தத் தீவுக்கு உண்டு.

## குடியுரிமையின் விலை

இனி ரேஷன் கார்டு. 1974 ஏற்பாட்டில் நியுவே மக்கள் விட்டுக்கொடுக்கவே மறுத்த அம்சம் நியூசிலாந்துக் குடியுரிமை. விசா இல்லை, அனுமதி இல்லை; ஆக்லாந்துக்குப் போகலாம், வேலை பார்க்கலாம், அங்கேயே இருந்துவிடலாம். தனியாக நியுவேக் குடியுரிமை என்று ஒன்று கிடையாது.

தீவைக் காப்பாற்ற வைத்த அந்த ஏற்பாடே தீவைக் காலி செய்தது என்பது என் கருத்து. 1966 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,194. 1959, 1960-ஆம் ஆண்டுப் புயல்கள் ஏற்கெனவே பலரைக் கிளப்பியிருந்தன. 1970-களின் தொடக்கத்தில் விமான நிலையம் திறந்ததும் வழி எளிதானது. தன்னாட்சி வந்தால் குடியுரிமை பறிபோய்விடுமோ என்ற பயத்திலும் சிலர் முன்கூட்டியே கிளம்பினார்கள். போன அண்ணன் தம்பியை அழைத்தான், தம்பி குடும்பத்தை அழைத்தான். 2022 கணக்கெடுப்பில் தீவில் எஞ்சியிருந்தவர்கள் 1,681. நியூசிலாந்தில் தங்களை நியுவே வம்சம் என்று பதிந்திருப்பவர்களோ 30,000-க்கு மேல். அதாவது இந்தத் தனிக்குடித்தனத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்பா வீட்டில்தான் இருக்கிறார்கள். உவமை இங்கே முறிந்துவிடுகிறது.

தீவைச் சுற்றும் சாலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த 1959, 1960 புயல்களுக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் வீடுகள் வரிசையாக நிற்கும். பலவற்றுக்குக் கதவில்லை, கூரையில்லை, உள்ளே செடி முளைத்திருக்கும். வீட்டுக்கு முன்னால், சாலையோரமாக, குடும்பத்தின் கல்லறைகள் இருக்கும். இறந்தவரைச் சொந்த நிலத்தில், வீட்டருகிலேயே புதைப்பது அங்கே வழக்கம். பாழடைந்த வீட்டின் முன் வெள்ளையடித்த கல்லறை நிற்பதும் உண்டு.

"அப்படியானால் அந்த வீட்டை வாங்கி யாராவது குடியேறலாமே?" முடியாது. நிலம் தனிநபருக்குச் சொந்தமில்லை; மங்காஃபவோவா எனப்படும் பெருங்குடும்பத்துக்குச் சொந்தம். ஒரே மூதாதையரிடமிருந்து வந்த எல்லோரும் அதில் பங்காளிகள். வெளியாளுக்கு விற்பதற்கில்லை, குத்தகைக்குத்தான் விடலாம். குடும்பத்தின் சார்பில் நிலத்தைக் கவனிக்க ஒருவரை நில நீதிமன்றம் நியமிக்கும். நல்ல ஏற்பாடுதான்: வெளிநாட்டு முதலாளி ஒருவர் வந்து கடற்கரையை வளைத்துப்போட முடியாது. ஆனால் பங்காளிகளில் பெரும்பான்மையினர் 2,400 கி.மீ.க்கு அப்பால் இருக்கும்போது ஒரு கடை கட்டுவதற்குக்கூட எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பங்காளி வழக்கு பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, குடியுரிமை நியூசிலாந்துடையது, நிலம் குடும்பத்துடையது. போனவர்கள் குடியுரிமையால் அங்கே நிலைத்துவிட்டார்கள். நிலத்தால் இங்கேயும் உரிமையோடு இருக்கிறார்கள்.

## புயலும் பணமும்

2004 ஜனவரியில் ஹேத்தா என்ற புயல் அடித்தது. அலோஃபி கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் உயரப் பாறை மேல் இருக்கிறது. அலை அந்தப் பாறையைத் தாண்டி ஊருக்குள் விழுந்தது. தீவின் ஒரே மருத்துவமனை போயிற்று. பண்பாட்டு மையமும் அதிலிருந்த அருங்காட்சியகப் பொருள்களில் பெரும்பகுதியும் கடலோடு போயின. ஒரு தாயும் அவருடைய குழந்தையும் உயிரிழந்தார்கள். நியுவேயைப் பேசாமல் நியூசிலாந்தோடு சேர்த்துவிடலாமே என்ற பேச்சு அப்போது வெளியில் பலமாக எழுந்தது. தீவு சேரவில்லை. புதிய மருத்துவமனையைக் கரையிலிருந்து தள்ளி உள்ளே கட்டினார்கள்.

அதற்குப் பணம்? அரசியலமைப்புச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. நியுவேக்குத் தேவையான பொருளாதார, நிர்வாக உதவியைத் தொடர்ந்து தருவது நியூசிலாந்தின் பொறுப்பு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மனமிருந்தால் கொடுக்கும் உதவியாக அது விடப்படவில்லை. ஆகவே "பிச்சையில் ஓடும் நாடு" என்று சில கட்டுரைகள் எள்ளலாக எழுதுவது பிழை. பேரம் பேசி, சட்டத்தில் ஏற்றி வாங்கிய உரிமை அது. 2006-இல் ஒரு சர்வதேச அறக்கட்டளை நிதியும் தொடங்கப்பட்டது. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அதில் பணம் போட்டன.

நிலம் சிறிது, கடல் பெரிது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன், கனிமம் எல்லாவற்றின் மீதும் ஒரு நாட்டுக்குத் தனி உரிமை உண்டு. அதைப் பிரத்தியேகப் பொருளாதார மண்டலம் என்பார்கள். நியுவேயின் மண்டலம் 3 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல். அதில் 40 சதவீதத்தில் மீன்பிடிக்கவே கூடாது என்று தடை போட்டுவிட்டு, 2023-இல் ஒரு புது வியாபாரம் தொடங்கினார்கள்: ஒரு சதுர கி.மீ. கடலை இருபது ஆண்டுகள் பாதுகாக்க 250 நியூசிலாந்து டாலர் கொடுங்கள். வாங்குபவருக்குக் கடல் சொந்தமாகாது, பாதுகாத்த திருப்திதான். பணம் கண்காணிப்புக்குப் போகிறது.

## கயிறு எவ்வளவு நீளும்

விருப்ப இணைவில் எல்லை எங்கே என்பதை நியுவேயைவிட அதன் பக்கத்து வீட்டில் தெளிவாகப் பார்க்கலாம். குக் தீவுகளுக்கும் இதே வகை ஏற்பாடுதான். 2024-இல் அதன் பிரதமர் மார்க் பிரவுன் தனி பாஸ்போர்ட் வெளியிட விரும்பினார். தனி பாஸ்போர்ட், தனிக் குடியுரிமை, ஐ.நா. இடம் எல்லாம் வேண்டுமென்றால் முழு விடுதலை வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று நியூசிலாந்து சொல்லிவிட்டது. பாஸ்போர்ட் யோசனை கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் குக் தீவுகள் சீனாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தது; தங்களிடம் முறையாகக் கலந்து பேசவில்லை என்று நியூசிலாந்து 1.82 கோடி டாலர் உதவியை நிறுத்திவைத்தது.

சட்டப்படி குக் தீவுகள் செய்தது செல்லும். நியூசிலாந்தால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியவில்லை, பணத்தைத்தான் நிறுத்த முடிந்தது. அதிகாரம் இல்லாத இடத்தில் செல்வாக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எல்லா விருப்ப இணைவும் ஒரே அச்சு என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவோடு இதே பெயரில் மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா, பலாவ் மூன்றும் இணைந்திருக்கின்றன. அவை மூன்றும் ஐ.நா. உறுப்பினர்கள், அவற்றின் மக்களுக்குச் சொந்தக் குடியுரிமை, சொந்த பாஸ்போர்ட். அமெரிக்காவில் வாழலாம், வேலை பார்க்கலாம், ஆனால் அமெரிக்கக் குடிமக்கள் இல்லை. பதிலுக்கு ராணுவ விஷயத்தில் அமெரிக்காவின் பிடி மிக இறுக்கம். நியுவே கார்டைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டது. அவர்கள் பிரித்துக்கொண்டு வேறு விலை கொடுத்தார்கள்.

நியுவே நாளைக்கே பிரிந்துபோக நினைத்தால் வழி இருக்கிறது. பேரவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, பிறகு மக்கள் வாக்கெடுப்பிலும் பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு. நியூசிலாந்து நாடாளுமன்றத்தின் சம்மதம் தேவையில்லை. வாக்களிக்கும் உரிமை தீவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். அதாவது ஆயிரத்துச் சொச்சம் பேர் முடிவெடுப்பார்கள். ஆக்லாந்தில் இருக்கும் பங்காளிகள் நிலத்தில் உரிமையோடு, வாக்குச்சீட்டு இல்லாமல், தொலைபேசியில் மாமாவிடம் வாதாட வேண்டியதுதான்.